சுட்ட கதைகளின் பாட்டன்

கிமு 254 வாக்கில், இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில், சார்சினா என்ற மலையூரில் ஒரு பையன் பிறந்தான். அப்பா அம்மா என்ன பெயர் வைத்தார்களோ, ஊர் மறந்துவிட்டது. ரோமில் பிரபலமானபோது அவன் பெயர் டைட்டஸ் மாக்கியஸ் ப்ளாட்டஸ். மூன்று பெயர் வைத்துக்கொள்வது அங்கே பெரிய வீட்டுப் பிள்ளைகளின் வழக்கம். கேட்பதற்கு ஏதோ செனட்டர் வீட்டு மருமகன் மாதிரி இருக்கும். ஆனால் மாக்கஸ் என்பவர் அந்தக் காலத்து நாட்டுப்புறக் கூத்துகளில் அசடு வழிவதற்கென்றே வரும் கோமாளி. ப்ளாட்டஸ் என்றால் தட்டைக்காலன். இப்படி ஒரு விசிட்டிங் கார்டை நீட்டிக்கொண்டு ஒருவர் ஊருக்குள் நுழைந்தால், அவர் தேர்தலில் நிற்க வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அவருடைய வாழ்க்கை வரலாறு மொத்தமும் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்தியையும் எழுதியவர், அவர் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வந்த ஔலஸ் கெல்லியஸ். வர்ரோ என்ற பழைய பண்டிதர் சொன்னதாக அவர் சொல்வது இது: ப்ளாட்டஸ் நாடகக் கொட்டகையில் வேலை பார்த்து நாலு காசு சேர்த்தார். சேர்த்த காசை வியாபாரத்தில் போட்டார். வியாபாரம் அவரைக் கவிழ்த்துப் போட்டது. ரோமுக்குத் திரும்பி வந்தபோது கையில் சல்லிக்காசு இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மாவு ஆலையில் சேர்ந்து, ஆள் தள்ளிச் சுற்றும் பெரிய திரிகையைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே மூன்று நாடகம் எழுதினார். ஒன்றின் பெயர் 'சட்டூரியோ'. இன்னொன்று 'அடிக்டஸ்', கடனைக் கட்ட முடியாமல் கடன்காரனிடமே ஆளாகப் போனவன் கதை. மூன்றாவதன் பெயர் இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை என்று கெல்லியஸ் எழுதுகிறார். ஐயா, கையில் எழுதுகோல் இருக்கிறது, பக்கத்தில் அலமாரி இருக்கிறது, எழுந்து போய்ப் பார்த்திருக்கக் கூடாதா? அவருக்கு என்ன அவசரமோ, அந்த நாடகம் போயே போய்விட்டது.

இந்த மாவு ஆலைக் கதையை இன்றைய அறிஞர்கள் பலர் நம்புவதில்லை. காரணம் ப்ளாட்டஸின் நாடகங்களிலேயே இருக்கிறது. அவற்றில் வரும் அடிமைகளை எஜமானர்கள் எடுத்ததற்கெல்லாம் மிரட்டுவது, 'உன்னை மாவு ஆலைக்கு அனுப்பிவிடுவேன்' என்றுதான். ரோமானிய அடிமைக்கு அது மிகக் கீழான வேலைகளில் ஒன்று. ஆக, ஆசிரியரைப் பற்றி ஒன்றும் தெரியாத பின்னாள் பண்டிதர்கள், அவருடைய நாடகத்திலிருந்தே நாலு துண்டு வெட்டி அவருக்கே ஒரு வரலாறு தைத்துக் கொடுத்திருக்கலாம். மற்றவர் கதையை எடுத்து வயிறு வளர்த்த ஆளின் வாழ்க்கையே இப்படி அவர் கதையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

எடுத்த கதைகள் கிரேக்கக் கதைகள். ஏதென்ஸில் மெனாண்டர், டிஃபிலஸ், ஃபிலெமோன் என்று மூன்று பெரிய கைகள் நாசூக்கான குடும்ப நகைச்சுவை நாடகங்களை எழுதிக் குவித்திருந்தார்கள். ரோமில் அதுவரை உருப்படியான நாடகமே இல்லை. கிமு 240இல் தாரென்டம் ஊர்க்காரரான லிவியஸ் ஆண்ட்ரோனிகஸ் என்ற கிரேக்கர்தான் முதன்முதலில் கிரேக்க நாடகத்தை லத்தீனில் போட்டுக் காட்டினார். பின்னால் வந்தவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ப்ளாட்டஸ் இறங்கி அள்ளினார்.

ஆனால் ஒளித்துச் செய்யவில்லை. இதை டெமோஃபிலஸ் எழுதினார், மாக்கஸ் காட்டுமிராண்டி பாஷையில் பெயர்த்திருக்கிறான் என்று முன்னுரையிலேயே ஆள் விட்டு அறிவிப்பார். காட்டுமிராண்டி பாஷை என்பது லத்தீன். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அன்றைய உலகத்தின் முக்கால்வாசியை விழுங்கப் போகிற லத்தீன்காரர்கள். கிரேக்கனின் கண்ணில் நாமெல்லாம் காட்டான்கள்தானே என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லி, அவர்களையே சிரிக்கவும் வைத்தார்.

எடுத்ததை என்ன செய்தார் என்பது நெடுநாள் ஊகமாகவே இருந்தது. மெனாண்டரின் மூலங்கள் தொலைந்துபோயிருந்தன. 1968இல் எரிக் ஹேண்ட்லி என்ற ஆங்கிலேயப் பேராசிரியர், எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் துண்டு ஒன்றை வெளியிட்டார். மெனாண்டரின் 'இருமுறை ஏமாற்றுபவன்' நாடகத்தின் ஒரு பகுதி அது. ப்ளாட்டஸின் 'பாக்கிடிஸ்' அதிலிருந்துதான் வந்தது. முதன்முறையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. மெனாண்டரிடம் அப்பாவும் மகனும் பண்போடு பேசிக்கொள்ளும் காட்சியை ப்ளாட்டஸ் தூக்கிக் கடாசியிருந்தார். அமைதியான இடங்களில் பாட்டு, சொல் விளையாட்டு, கூச்சல். மூலத்தில் அடிமையின் பெயர் சிரஸ், நம் ஊர் முனியன் மாதிரி சாதாரணப் பெயர். ப்ளாட்டஸ் அவனுக்குத் தங்கத்தை நினைவூட்டும் கிரைசாலஸ் என்று ஞானஸ்நானம் செய்துவைத்து, 'இரண்டு மூன்று மினாப் பணம் திருடுகிற அந்த சிரஸ்களைப் போன்ற அற்பன் நான் இல்லை' என்று அவன் வாயாலேயே பீற்ற வைத்திருக்கிறார். கதையைச் சுட்டது மட்டுமில்லை, சுட்ட கடையின் முதலாளியையும் அதே கதையில் நக்கலடித்திருக்கிறார். அந்த ஜோக் புரிய உலகம் 2,100 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் எழுதிய காலம் சிரிக்கிற காலம் இல்லை. கிமு 218இல் ஹன்னிபால் யானைகளோடு ஆல்ப்ஸைத் தாண்டி வந்தான். 216இல் கன்னே போர்க்களத்தில் ஒரே நாளில் பல்லாயிரம் ரோமானியர்கள் செத்தார்கள். தெய்வங்களின் கோபத்தைத் தணிக்க ஊர் திருவிழாக்களைக் கூட்டிக்கொண்டே போனது. திருவிழா என்றால் நாடகம் உண்டு. சண்டை எத்தனைக்கு எத்தனை மோசமாகப் போனதோ, நாடகக்காரனுக்கு அத்தனைக்கு அத்தனை தேதி கிடைத்தது. ப்ளாட்டஸின் கால்ஷீட் நிரம்பியதில் ஹன்னிபாலுக்கும் ஒரு பங்குண்டு.

நிரந்தரக் கொட்டகை என்று ரோமில் எதுவும் கிடையாது. கல்லால் கட்டிய முதல் நாடக அரங்கு வந்தது கிமு 55இல், பாம்பே என்ற தளபதியின் புண்ணியத்தில். அதுவரை திருவிழாவுக்கு மரத்தில் மேடை போடுவார்கள், முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். செலவு ஈடைல் என்ற நகர அதிகாரியின் பொறுப்பு. அடுத்த தேர்தலில் நிற்கும் ஆசை அவருக்கு இருக்கும், ஆகவே தாராளமாகச் செலவழிப்பார். பார்ப்பவர்களுக்கு இலவசம். இலவசமாகப் பார்க்க வருகிறவனை உட்கார வைப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். பிடிக்கவில்லை என்றால் அவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, எழுந்து போய்விடுவான். பக்கத்திலேயே கயிற்றில் நடப்பவனும் குத்துச்சண்டைக்காரனும் இருப்பார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ப்ளாட்டஸுக்கு அடுத்த தலைமுறையில் டெரென்ஸ் என்று ஒருவர் வந்தார். கார்த்தேஜில் பிறந்தவர், தேர்ந்த மொழி, மென்மையான மனசு. அவருடைய 'மாமியார்' நாடகத்தை கிமு 165இல் போட்டபோது கயிற்றில் நடப்பவன் வருகிறான் என்று பேச்சு கிளம்பியதில் நாடகம் நின்றுபோனது. இரண்டாம் முறை போட்டபோது கிளாடியேட்டர் சண்டை என்று யாரோ கத்த, மறுபடியும் கலைந்தது. மூன்றாம் முறைதான் முழுசாக ஓடியது. அவர் அதைப் பின்னொரு முன்னுரையில் மனம் நொந்து சொல்லவைத்திருக்கிறார். ப்ளாட்டஸுக்கு இந்தத் தலைவலி வந்ததாகத் தகவல் இல்லை. கயிற்றில் நடப்பவன் செய்வதையெல்லாம் அவருடைய அடிமை வேஷக்காரனே மேடையில் செய்துவிடுவான்.

அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் 'போயெனுலஸ்' நாடகத்தின் முன்னுரைக்குப் போக வேண்டும். ஒருவன் வந்து நின்று சட்டதிட்டம் படிக்கிறான். தாசிகள் மேடைமேல் ஏறி உட்காரக் கூடாது. இடம் காட்டுகிறவர்கள் நடிகன் பேசும்போது குறுக்கே நடக்கக் கூடாது. வீட்டில் சோம்பேறித்தனமாகத் தூங்கிவிட்டு லேட்டாக வந்தவர்கள் பேசாமல் நிற்க வேண்டும். அடிமைகள் சுதந்திரமானவர்களின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. கைக்குழந்தைகளை ஆயாக்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், இங்கே கொண்டுவந்து ஆட்டுக்குட்டி மாதிரி கத்த விட வேண்டாம். குடும்பப் பெண்கள் மௌனமாகப் பார்க்கட்டும், மௌனமாகச் சிரிக்கட்டும், வம்பு பேசுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளட்டும். எடுபிடிப் பையன்களுக்கு ஒரு நல்ல சேதி: நாடகம் நடக்கிற நேரம்தான் பணியாரக்கடையில் சூடாகப் போடுகிறார்கள், ஓடுங்கள். பார்வையாளர்களின் மானத்தை நாலு பேர் முன்னால் வாங்கிவிட்டுத்தான் கதையையே ஆரம்பிப்பார்.

கதையில் வருவது ஹன்னோ என்ற கார்த்தேஜ்காரர், தொலைந்த மகள்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் அப்பா. கார்த்தேஜோடு போர் முடிந்து சில வருஷமே ஆகியிருந்தது. கூட்டத்தில் மகனைப் பறிகொடுத்தவர்கள், கால் போனவர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் எதிரி நாட்டுக் கிழவர் ஒருவரை நல்லவராகக் கொண்டுவந்து நிறுத்தி, அவரை அவர் பாஷையிலேயே, பூனிக் மொழியிலேயே, பேச வைத்திருக்கிறார். பாஷை தெரியும் என்று பீற்றிக்கொள்ளும் மில்ஃபியோ என்ற அடிமை இடையில் புகுந்து 'மொழிபெயர்க்கிறான்'. ஹன்னோ ஏதோ வணக்கம் சொல்ல, திருவிழா ஊர்வலத்துக்காக ஆப்பிரிக்க எலிகளை ஈடைல்களுக்குக் கொடுக்க வந்திருக்கிறாராம் என்கிறான் இவன். கிழவர் அமைதியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் சுத்தமான லத்தீனில் அவனைக் காய்ச்சுகிறார். கார்த்தேஜை ரோம் பிறகு தரைமட்டமாக்கியது. அதன் இலக்கியம் ஏறக்குறைய முழுதும் அழிந்தது. இன்று பூனிக் மொழி எப்படி ஒலித்தது என்று ஆராயும் பேராசிரியர்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டு படிக்கும் ஆதாரங்களில் ஒன்று இந்தக் கோமாளி நாடகத்தின் பத்துச் சொச்சம் வரிகள். எந்த செனட்டரும் எதிரியின் மொழிக்கு இவ்வளவு செய்ததில்லை.

செனட்டர்கள் விஷயத்தில் ப்ளாட்டஸ் ரொம்ப உஷார். சக நாடகக்காரர் நேவியஸ், மெட்டெல்லி என்ற பெரிய குடும்பத்தை நேரடியாகச் சீண்டிச் சிறைக்குப் போனார் என்பது பழைய கதை. அதைப் பார்த்த ப்ளாட்டஸ் பாடம் படித்துக்கொண்டார். அவர் கதை எல்லாம் வெளியூரில்தான் நடக்கும், பெரும்பாலும் ஏதென்ஸ். எல்லாரும் கிரேக்க அங்கி போட்டிருப்பார்கள், கிரேக்கப் பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் பேசுவது ரோமின் நீதிபதிகளைப் பற்றி, ரோமின் கடைத்தெருவைப் பற்றி. கேட்டால், இதெல்லாம் அங்கே நடக்கிறது, நமக்கென்ன! 'கர்குலியோ'வில் இன்னும் ஒருபடி மேலே போய், நாடகத்துக்குத் துணிமணி வாடகைக்குக் கொடுத்தவனையே நடுவில் மேடைக்கு அனுப்பினார். இந்தப் போக்கிரி என் உடுப்பைத் திருப்பித் தருவானோ மாட்டானோ என்று புலம்பிவிட்டு அவன், காத்திருக்கும் நேரத்தில், ரோமின் ஃபோரத்தில் பொய்ச் சத்தியம் பண்ணுகிறவன் எங்கே கிடைப்பான், பீற்றிக்கொள்பவன் எங்கே, வட்டிக்காரன் எங்கே, தன்னையே விற்கிறவன் எங்கே என்று தெருத்தெருவாக வழி சொல்கிறான். கதை நடப்பது கிரேக்க நாட்டு எபிடாரஸில். ஆக, சட்டப்படி எவனும் எவனையும் ஒன்றும் சொல்லவில்லை.

நேவியஸின் ஜெயில் வாசத்தைப் பற்றி அவர் மூச்சு விட்ட ஒரே இடம் 'பீற்றல் சிப்பாய்' நாடகத்தில். யோசிக்கும் அடிமை ஒருவன் மோவாயைக் கையில் முட்டுக் கொடுத்து நிற்கிறான். அதைப் பார்க்கும் கிழவர், காட்டுமிராண்டிக் கவிஞர் ஒருவரும் இப்படித்தான் முகத்தை ஊன்றிக்கொண்டு இருக்கிறாராம், எந்நேரமும் இரண்டு காவல் பக்கத்திலேயே கிடக்கிறதாம், நமக்கெதற்கு என்பதுபோல் சொல்லிவிட்டு நகர்கிறார்.

அந்த நாடகத்தின் நாயகன் பிர்கோபோலினிசஸ். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்; அதுவும் ஜோக்குதான். சாப்பாட்டுக்காகக் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்டோட்ரோகஸ் அவனுடைய வீரத்தைக் கணக்குப் போடுகிறான். சிலிசியாவில் 150 பேர், இன்னொரு இடத்தில் 100, சார்டிஸ்காரர்கள் 30, மாசிடோனியர்கள் 60, எல்லாம் ஒரே நாளில். மொத்தம் எவ்வளவு? 7,000. சிப்பாய் கூட்டிப் பார்த்து, கணக்கு சரிதான் என்று தலையாட்டுகிறான். அடுத்து, இந்தியாவில் ஒரு யானையின் முன்னங்காலை முஷ்டியால் குத்தி உடைத்த சம்பவம் வருகிறது. அதுகூட அலட்சியமாகக் குத்தியது, முழு பலத்தைக் காட்டியிருந்தால் கை யானையின் மறுபக்கம் வந்திருக்கும் என்று கூட இருப்பவன் ஏற்றிவிடுகிறான். கேட்டவர்களில் யாரும் இந்தியாவைப் பார்த்தவர்கள் இல்லை. பொய் சொல்ல நல்ல தூரத்தில் இருந்த நாடு என்பதால் நாம் ரோமானிய நாடகத்தில் இடம் பிடித்திருக்கிறோம். பார்க்கும் பெண்ணெல்லாம் தன்மேல் மையல் கொண்டதாக நம்பும் இந்த ஆள், கடைசியில் அடுத்த வீட்டில் அடிபட்டு, சமையல்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டு எதை வெட்டலாம் என்று கேட்க, கெஞ்சிக் கூத்தாடி உயிர் தப்புகிறான்.

'ஔலுலாரியா'வின் யூக்ளியோ வேறு ரகம். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்பது அவனுக்குப் பாராட்டு. தன் வீட்டு அடுப்புப் புகை கூரை வழியாக வெளியே போனாலே சொத்து போகிறதென்று ஊரைக் கூட்டுவானாம். தூங்கும்போது மூச்சு வீணாகக் கூடாதென்று வாயில் பையைக் கட்டிக்கொள்வானாம். குளித்த தண்ணீரைக் கொட்ட மனசில்லாமல் அழுவானாம். நாவிதர் வெட்டிப்போட்ட நகத்தைக்கூடப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிடுவானாம். பாட்டன் புதைத்த தங்கப் பானை ஒன்று கையில் கிடைத்ததும், பாவம், இருந்த தூக்கமும் போயிற்று. பானை புதைத்த இடத்துப் பக்கம் வீட்டுச் சேவல் கிளற ஆரம்பித்ததைப் பார்த்து, இது உளவாளி என்று முடிவு கட்டி ஒரே அடியில் கொன்றுவிடுகிறான். இந்த நாடகத்தின் முடிவுப் பகுதி தொலைந்துபோனது. 15ஆம் நூற்றாண்டில் பொலோனியாவில் கோட்ரஸ் உர்செயஸ் என்ற பேராசிரியர், ஒரு கிளைமாக்ஸை எழுதி ஒட்டவைத்தார். 1668இல் மோலியர் யூக்ளியோவைத் தூக்கிக்கொண்டு போய் பாரிஸில் 'கஞ்சன்' ஆக்கினார்.

ப்ளாட்டஸே ரொம்ப விரும்பிய நாடகங்களில் ஒன்று 'சூடோலஸ்' என்று சிசரோ எழுதியிருக்கிறார். கிமு 191இல், பாலட்டைன் குன்றில் மகா மாதாவின் கோயிலைத் திறந்த திருவிழாவில் போட்டது. ப்ளாட்டஸின் நீளமான நாடகம் ஒன்று வருகிறது, எழுந்து இடுப்பை நிமிர்த்திக்கொள்ளுங்கள் என்று முன்னுரையே எச்சரிக்கை விடுகிறது. கதை வழக்கமானது: பையனிடம் காசில்லை, அவன் காதலிக்கும் பெண்ணைத் தரகன் பல்லியோ 20 மினாவுக்குச் சிப்பாய் ஒருவனுக்கு விற்றுவிட்டான், 15 வந்தாயிற்று, பாக்கி 5 வந்தால் பெண் கைமாறும். அந்தப் பெண் அழுதுகொண்டே எழுதிய கடிதத்தைப் பையன் நீட்டுகிறான். அடிமை சூடோலஸ் முதலில் கவனிப்பது கையெழுத்தை. இதை ஏதோ கோழிதான் எழுதியிருக்கிறது என்கிறான். நம் ஊர் வாத்தியார்கள் கோழிக் கிறுக்கல் என்று திட்டுவதற்கு 2,200 வருஷத்துக்கு முன்பே ஒரு முன்மாதிரி இருந்திருக்கிறது.

பிறகு சூடோலஸ் செய்வது திருட்டு உலகத்தில் யாரும் செய்யாதது. எஜமானரிடம் நேராகப் போய், இன்றைக்கு உங்களை ஏமாற்றப் போகிறேன், ஜாக்கிரதையாக இருங்கள் என்று நோட்டீஸ் கொடுத்துப் பந்தயமும் கட்டுகிறான். எப்படி ஏமாற்றப் போகிறான்? அவனுக்கே தெரியாது. எங்கும் இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் கவிஞனைப் போல நானும் கண்டுபிடிப்பேன் என்று பார்வையாளர்களிடம் சொல்கிறான். ஒரு கட்டத்தில், உள்ளே போய் யோசித்துவிட்டு வருகிறேன், அதுவரை குழல்காரர் வாசிப்பார் என்று சொல்லிவிட்டு மேடையைக் காலியாக விட்டுப் போகிறான். குழல்காரர் வாசிக்கிறார். கூட்டம் கேட்கிறது. எந்த எழுத்தாளன் தனக்குக் கதை ஓடாத நேரத்தை இவ்வளவு கௌரவமாகச் சமாளித்திருக்கிறான்! ஜெயித்த பிறகு மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து எஜமானரின் முகத்துக்கு நேரே ஏப்பம் விடுகிறான். எஜமானர் பந்தயப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

இதைப் பார்த்துவிட்டு ப்ளாட்டஸைப் புரட்சிக்காரர் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருடைய அடிமைகள் எல்லாரையும் ஜெயிக்கிறார்கள், ஆனால் எவனும் அடிமைமுறையைக் கேள்வி கேட்பதில்லை. ஜெயிப்பது பெரும்பாலும் சின்ன எஜமானரின் காதலுக்காக. சவுக்கும் சிலுவையும் வசனத்தில் சிரிப்புக்காக வந்துகொண்டே இருக்கின்றன; 'சிஸ்டெல்லாரியா' முடிவில், நன்றாக நடித்தவனுக்குக் குடிக்கக் கிடைக்கும், சொதப்பியவனுக்கு அடி கிடைக்கும் என்கிறார்கள், நடிகர்களில் பலர் நிஜமாகவே அடிமைகள். திருவிழா நாளில் ஏப்பம் விட்டவன் மறுநாள் காலை எழுந்து தண்ணீர் சுமக்கப் போவான். எஜமானர்கள் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததற்கு அந்த நிம்மதியும் ஒரு காரணமாக இருக்கும்.

நடிகர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பெல்லியோ என்ற நடிகர் அவருடைய 'ஸ்டிக்கஸ்' நாடகத்தை கிமு 200இல் போட்டவர். 'பாக்கிடிஸ்' நாடகத்தில் ஒரு வசனம் வருகிறது: எபிடிகஸ் நாடகம் எனக்கு உயிர், ஆனால் பெல்லியோ நடித்தால் அதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. அந்த வசனம் வந்த அன்று பெல்லியோ கூட்டத்தில் இருந்தாரா, மேடையிலேயே இருந்தாரா என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மேடையில் அவரே அந்த வசனத்தைப் பேசியிருந்தால், அன்றைக்கு நாடகம் களை கட்டியிருக்கும்.

கிமு 184இல் ப்ளாட்டஸ் செத்தார். கண்டிப்புக்குப் பேர்போன கேட்டோ தணிக்கை அதிகாரியாக இருந்த வருஷம். சரியான நேரத்தில்தான் கிளம்பியிருக்கிறார். தன் கல்லறைக்குத் தானே எழுதிவைத்ததாக ஒரு வாசகம் உண்டு. இவர் போனதும் நகைச்சுவை துக்கம் காத்ததாம், மேடை வெறிச்சோடியதாம், சிரிப்பும் கேலியும் எண்ணற்ற யாப்புகளும் ஒன்றாகக் கூடி அழுதனவாம். இரங்கல் கூட்டத்தைப் பிறரை நம்பி விடாத மனிதர்.

செத்த பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது. அவர் பெயர் போட்டால் கூட்டம் வரும் என்பதால் கண்டதற்கெல்லாம் அவர் பெயரைப் போட்டார்கள். 130 நாடகம் வரை அவர் கணக்கில் சேர்ந்தன. வர்ரோ உட்கார்ந்து சலித்து, யாரும் சந்தேகப்படாதவை 21 என்று பட்டியல் போட்டார். அந்த 21இல் அகரவரிசைப்படி கடைசியாக நின்ற 'விடுலாரியா' ஏட்டின் கடைசிப் பக்கங்களோடு உதிர்ந்தது. மிச்சம் 20. கவிஞர் ஹோரஸுக்கு அந்த இருபதும் பிடிக்கவில்லை. கல்லாவில் காசு விழுந்தால் போதும், நாடகம் நின்றால் என்ன விழுந்தால் என்ன என்று இருந்த ஆள் இவர் என்பது ஹோரஸின் புகார். புகார் உண்மைதான். அதில் தப்பென்ன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கிறிஸ்தவம் வந்ததும் ப்ளாட்டஸ் ஒழிந்தார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தரகர்கள், தாசிகள், 'ஆம்ஃபிட்ரியன்' நாடகத்தில் நம் இந்திரனைப் போலவே புருஷன் வேஷத்தில் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் ஜூபிடர், இதெல்லாம் மடத்தில் வைக்கிற சரக்கா? ஆனால் பைபிளை லத்தீனில் கொடுத்த புனித ஜெரோம் தன் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்: இரவெல்லாம் விழித்து, செய்த பாவங்களை நினைத்து அழுது முடித்த பிறகு கையில் எடுப்பது ப்ளாட்டஸை. பிறகு கனவில் தெய்வ சந்நிதானத்துக்கு இழுத்துப் போய், நீ கிறிஸ்துவின் ஆள் இல்லை, சிசரோவின் ஆள் என்று சொல்லிச் சவுக்கால் அடித்தார்களாம். ப்ளாட்டஸின் பெயர் குற்றப்பத்திரிகையில் வரவில்லை. மேலேயும் அவருக்கு ரசிகர்கள் இருந்திருக்க வேண்டும். 1505இல் எர்ஃபுர்ட் மடத்துக்குத் துறவியாகப் போன மார்ட்டின் லூதர், தன் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு உள்ளே எடுத்துச் சென்றது இரண்டே பேரை: வெர்ஜில், ப்ளாட்டஸ்.

மடங்கள் காப்பாற்றவும் செய்தன, அழிக்கவும் செய்தன. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதிய அருமையான ப்ளாட்டஸ் ஏடு ஒன்றை, தோல் கிடைக்காத காலத்தில், வட இத்தாலியின் பாபியோ மடத்துத் துறவிகள் கழுவித் துடைத்து அதன்மேல் விவிலியத்தின் அரசர்கள் ஆகமத்தை எழுதிவிட்டார்கள். 1815இல் மிலான் நூலகத்தில் ஆஞ்ஜெலோ மாய் என்ற பாதிரியார் அடியில் வேறு எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்தார். மேலே ராஜா சாலமோன், கீழே தரகன் பல்லியோ. எழுத்தைத் தெளிவாக்க அவர் பூசிய ரசாயனம் தோலையே அரித்தது. ஆனாலும் அந்த ஏடுதான் மாக்கியஸ் என்ற பெயரை மீட்டது; அதுவரை ஐரோப்பா அவரை எம். ஆக்கியஸ் என்றே அழைத்துக்கொண்டிருந்தது. அடுத்து வந்த ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஸ்டூடெமுண்ட், அந்த மங்கல் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். 1889இல் அவர் இறந்தார். உழைப்பு அந்த வாக்கில்தான் அச்சில் வந்தது. முகப்பில் அவர் தேர்ந்தெடுத்து வைத்தது கட்டுல்லஸின் ஒரு வரி, கண்ணைவிட மேலாக ஒருவரை நேசிப்பதைப் பற்றியது. ஏப்பம் விடும் அடிமை பேசிய வசனத்துக்காக!

இடைக்காலத்தில் எட்டு நாடகத்தோடு ஒப்பேற்றிக்கொண்டிருந்த ஐரோப்பாவுக்கு, 1429இல் குசாவின் நிக்கோலஸ் இன்னும் பன்னிரண்டைக் கொண்டுவந்து சேர்த்தார். உடனே பிரபுக்கள் வீட்டு விசேஷங்களில் ப்ளாட்டஸ் போடுவது கௌரவமாகிவிட்டது. 1502இல் ஃபெராராவில் லுக்ரெசியா போர்ஜியாவின் கல்யாணத்துக்கு அவருடைய ஐந்து நாடகங்களைப் போட்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா இசபெல்லா, நாடகம் இழுவை, சலித்துப் போய்விட்டது என்று புருஷனுக்குக் கடிதம் எழுதினார். கல்யாண வீட்டு நாத்தனாரைச் சிரிக்க வைக்க ப்ளாட்டஸாலும் முடியவில்லை.

அவருடைய 'மெனெக்மி' ஒரே அச்சாக இருக்கும் இரட்டையர் கதை. ஒருவன் சிறுவயதில் காணாமல் போக, மற்றவன் தேடிக்கொண்டு அதே ஊருக்கு வந்து சேர, இவன் பெண்டாட்டி அவனைத் திட்ட, இவன் சிநேகிதி அவனுக்கு விருந்து வைக்க, ஊரே குழம்புகிறது. ஷேக்ஸ்பியர் இதை எடுத்தார். ஒரு ஜோடி இரட்டையர் போதாதென்று, 'ஆம்ஃபிட்ரிய'னில் இருந்த வேலைக்காரன் யோசனையையும் சேர்த்து, இரண்டு ஜோடியாக்கி 'காமெடி ஆஃப் எரர்ஸ்' என்றார். 1594 டிசம்பர் 28 அன்று லண்டன் கிரேஸ் இன் வக்கீல்கள் மன்றத்தில் போட்டபோது, கூட்டம் அடங்காமல் அமளியாகி, அந்த இரவையே குளறுபடி இரவு என்று ஊர் கேலி செய்தது. பார்த்த வக்கீல்கள் குறிப்பில், இது ப்ளாட்டஸின் மெனெக்மஸ் மாதிரி இருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். வக்கீல் கண்ணுக்குத் தப்புமா?

அங்கிருந்து கதை கப்பல் ஏறியது. 1869இல் ஈஸ்வர் சந்திர வித்யாசாகர் அதை வங்காளத்தில் 'பிராந்தி பிலாஸ்' ஆக்கினார். 1963இல் உத்தம் குமார் நடித்துப் படமானது. 1982இல் குல்ஸார் ஹிந்தியில் 'அங்கூர்' எடுத்தார். சஞ்சீவ் குமார் இரண்டு, தேவன் வர்மா இரண்டு. அந்தப் படத்தில் நன்றிக்கடனாக ஷேக்ஸ்பியரின் உருவப்படம் வந்து கண்ணடிக்கும். ப்ளாட்டஸுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம்கூட இல்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

நியூயார்க் 1962இல் அவருக்குக் கொஞ்சம் நன்றாகவே செய்தது. பர்ட் ஷெவலோவும் லாரி கெல்பார்ட்டும் அவருடைய பல நாடகங்களைக் கலந்து கட்டி ஓர் இசை நாடகம் எழுதினார்கள், பாட்டு ஸ்டீபன் சோண்ட்ஹைம். 'ஃபோரத்துக்குப் போகிற வழியில் ஒரு வேடிக்கை' என்பது தலைப்பின் சாரம். பீற்றல் சிப்பாயும் உண்டு, சூடோலஸும் உண்டு. பிராட்வேக்கு வருமுன் வெளியூர்களில் ஒத்திகை பார்த்தபோது ஒரு பயல் சிரிக்கவில்லை. ஜெரோம் ராபின்ஸ் வந்து பார்த்துவிட்டு, தொடக்கப் பாட்டுதான் கோளாறு, இன்றைக்கு என்ன பார்க்கப் போகிறோம் என்று முதலிலேயே கூட்டத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சோண்ட்ஹைம் புதிதாக ஒரு பாட்டு எழுதினார். கொட்டகை அதிர்ந்தது. கூட்டத்தை முன்னுரையில் பிடிக்க வேண்டும் என்பது மரமேடைக்காரருக்கு எப்போதோ தெரிந்த தொழில் ரகசியம்.

சூடோலஸாக நடித்த ஸீரோ மாஸ்டெலுக்கு டோனி விருது கிடைத்தது. 1972இல் மறுபடி போட்டபோது ஃபில் சில்வர்ஸுக்குக் கிடைத்தது. 1996இல் நேதன் லேனுக்கும் கிடைத்தது. ஒரே அடிமைக்கு மூன்று டோனி. ராயல்டியில் பங்கு கேட்டு சார்சினாவிலிருந்து இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை. போட்டால், மெனாண்டர் வீட்டு வாரிசுகள் அதற்கு முன்பே வந்து வரிசையில் நிற்பார்கள்.